கேட்காமல் எடுத்த முகம்

அந்தப் படம் என் கைப்பேசிக்கு வந்தபோது என் இரண்டு கைகளிலும் களிமண் ஒட்டியிருந்தது.

கோல சிலாங்கூரில் ஒரு கடைவீட்டு மாடியில் என் பட்டறை இருக்கிறது. கீழே கருவாட்டுக் கடை. என்ன வாசனைத் திரவியம் அடித்தாலும் என் வேலையில் கொஞ்சம் கருவாடு கலந்துதான் இருக்கும். தொலைக்காட்சித் தொடர்களுக்குப் பேய்களையும் காயங்களையும் கிழட்டு முகங்களையும் செய்து கொடுப்பது என் தொழில். நடிகரின் முகத்தை அச்செடுத்து, அதன்மேல் களிமண்ணால் இன்னொரு முகத்தை வடிப்பேன். அதற்கு வார்ப்பு எடுத்து சிலிகான் ஊற்றினால் தோல் போலவே மெல்லிய துண்டுகள் கிடைக்கும். அவற்றை நடிகரின் முகத்தில் ஒட்டி, ஓரம் தெரியாமல் வண்ணம் பூசவேண்டும். சொல்லும்போது சுலபம். ஒரு முகம் உருவாக வாரக்கணக்கில் ஆகும்.

அப்போது ஒரு தமிழ்த் தொடருக்கு வேலை செய்துகொண்டிருந்தேன். கைவிடப்பட்ட தோட்டம், காலியான தொழிலாளர் லயத்து வீடுகள், அங்கே உலாவும் ஒரு ஜந்து. கதை அவ்வளவுதான். இயக்குநர் என்னைவிட இளையவர், கோலாலம்பூர்க்காரர், எல்லோரையும் சிஸ், புரோ என்று கூப்பிடுபவர். முதல் சந்திப்பில் என்னிடம் சொன்னார்: "சிஸ், இதுவரைக்கும் யாரும் பாக்காத ஒண்ணு வேணும். வெள்ளைச் சேலை, விரிச்ச முடி எல்லாம் வேணாம்லா."

அந்த ஒரு வார்த்தைக்காகவே நான் மாங்கு மாங்கென்று உழைத்தேன். ஈஜோக் ஊர்ப் பக்கம், எண்ணெய்க்காக வளர்க்கும் கிழட்டுச் செம்பனை மரங்களைப் போய்ப் பார்த்தேன். வெட்டிய மட்டைகளின் அடிக்கட்டைகள் மரத்தைச் சுற்றிச் சுற்றிப் படிபோல ஏறும். இடுக்குகளில் கறுத்த நார், அதில் முளைத்த பெரணிச் செடி. அந்த மரத்தையே முகமாக்கினேன். கன்னத்தில் மட்டைக் கட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருக்கும். தாடையில் பழக்குலையின் முட்கள். கழுத்தில் பெரணி. கண்கள் மட்டும் மனிதக் கண்கள்.

அந்த முகத்தைப் போடப்போகிறவர் கெர்லிங்கிலிருந்து வரும் ஓர் அக்கா. பள்ளிக்கூடக் கேண்டீனில் சமையல் செய்பவர். விடுமுறை நாட்களில் சின்னச் சின்ன வேடங்களில் நடிப்பார். அவருடைய முகத்தை அச்செடுத்தபோது, கண், வாய் எல்லாம் பசைக்குள் மூடியிருக்க, மூக்குத் துவாரங்கள் மட்டும் திறந்திருக்க, என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். முடிந்ததும், "செத்துப் போயிட்டா இப்படித்தான் இருக்கும் போல" என்று சிரித்தார். எனக்கு அவரை அன்றே பிடித்துப்போயிற்று.

இயக்குநர் பட்டறைக்கு வந்து என் செம்பனை முகத்தைப் பார்த்தார். சுற்றிச் சுற்றிப் படம் எடுத்தார். "பயங்கரம் சிஸ், பயங்கரம்" என்றார். போய்விட்டார். பிறகு அலுவலகத்தில் யாரோ எதையோ சொல்லியிருக்கிறார்கள். "ரொம்ப வெளிநாட்டுப் படம் மாதிரி இருக்காம். நம்ம சனத்துக்குப் புரியாதாம்" என்று அவரிடமிருந்து குரல் செய்தி வந்தது. செம்பனை மரம் வெளிநாடாம். நம் சனம் அந்த மரத்தடியில் பிறந்து, அந்த மரத்தடியில் செத்த சனம். எனக்கு அப்போதே எரிந்தது. ஆனாலும் பல்லைக் கடித்துக்கொண்டு, முட்களைக் கொஞ்சம் குறைத்துப் பார்க்கலாம் என்று மறுபடியும் களிமண்ணில் கை வைத்தேன்.

அப்போதுதான் படம் வந்தது. கீழே ஒரு வரி: "சிஸ், டிசைன் மாத்துறோம். இத அப்படியே காப்பி பண்ணுங்க. செம ரியல்."

கையைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். முதலில் எனக்குத் தெரிந்தது முகமல்ல, நைட்டி. மயில் கழுத்து நிறத்தில் மஞ்சள் பூப்போட்ட நைட்டி. போன தீபாவளிக்கு ரவாங்கில் நான்தான் வாங்கிக் கொடுத்தேன். கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருக்கும் ஒரு பெண், யாரோ கூப்பிட்டதுபோலச் சட்டென்று திரும்பியிருக்கிறார். இடது கன்னம் கழுத்தோடு ஒட்டி இழுத்திருக்கிறது. இடது கண்ணின் கீழ்இமை சரிந்து உள்சிவப்பு தெரிகிறது. இடது காது இல்லை.

என் சின்னம்மா.

அவர் என் அம்மாவின் தங்கை. தோட்டத்தில் பால்மரம் இருந்த காலத்தில், ரப்பர்ப் பாலை உறைய வைக்கும் ஸ்டோரில் வேலை செய்தார். உறைய வைக்க ஆசிட் ஊற்றுவார்கள். மேலே நின்று ஊற்றியவரின் கையிலிருந்து ஜாடி நழுவியது. கீழே சின்னம்மா நின்றிருந்தார். கவனக்குறைவு என்று எழுதினார்கள். யாருடைய கவனக்குறைவு? சின்னம்மாவுடையதாம். கீழே நின்ற குற்றம்.

நான் பிறந்தது அதற்குப் பிறகு. அதனால் எனக்கு அவருடைய வேறு முகம் எதுவும் தெரியாது. எனக்குத் தலைவாரி விட்ட முகம், காய்ச்சலில் கிடந்தபோது கஞ்சி ஊற்றிய முகம், பரீட்சையில் தோற்றபோது திட்டிய முகம் எல்லாம் அதுதான். பள்ளிக்கூடத்தில் ஒருத்தி "ஒங்க சின்னம்மா மூஞ்சி ஏன் அப்படி இருக்கு?" என்று கேட்டபோது, எப்படி இருக்கிறது என்று எனக்கு உண்மையிலேயே விளங்கவில்லை.

இன்னொன்றும் சொல்லவேண்டும். நான் இந்தத் தொழிலுக்கு வந்ததே அவரால்தான். படித்து முடித்ததும் ரவாங்கில் பல்செட் செய்யும் கூடம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தேன். சின்னம்மாவுக்கு அப்போது வெள்ளெழுத்துக் கண்ணாடி வந்திருந்தது. கண்ணாடி நிற்க ஒரு பக்கம் காது இல்லை. கறுப்புக் கயிறு கட்டித் தலையில் மாட்டிக்கொள்வார். அவருடைய வலது காதைப் பார்த்து இடது காது ஒன்று செய்தேன். முதலில் செய்தது பல்செட்டுக்கு ஊற்றும் பொருளில். ஈறு நிறத்தில் ரோஜாப்பூ போல ஒரு காது! இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். பிறகு சிலிகான் வாங்கி, நிறம் கலந்து, ஒழுங்காகச் செய்தேன். அதைப் போட்டுக்கொண்டு ஒரு கல்யாணத்துக்குப் போனார். வியர்வையில் பசை விட்டுப் பந்தியில் இலைமேலேயே விழுந்தது. பரிமாறிக்கொண்டிருந்தவர் அப்பளம் என்று நினைத்துத் தள்ளிவிடப் பார்த்தாராம். சின்னம்மா அந்தக் கதையைச் சொல்லும்போது கண்ணீர் வரச் சிரிப்பார். அதற்குப் பிறகு கயிற்றுக்கே திரும்பிவிட்டார். ஆனால் நான் களிமண்ணை விடவில்லை.

அந்த முகத்தைத்தான் இயக்குநர் பேய்க்கு மாதிரி என்று அனுப்பியிருந்தார்.

உடனே கூப்பிட்டேன்.

"இந்தப் படம் ஏது?"

"லொக்கேஷன் பாக்கப் போனேன்ல சிஸ், நீங்க சொன்ன தோட்டத்துல ஒண்ணுதான். அங்க இருந்தாங்க. அம்மாடி, பாத்த ஒடனே எனக்குப் புல்லரிச்சுப் போச்சு."

"கேட்டீங்களா?"

"எதக் கேக்கணும்?"

"படம் எடுக்கலாமான்னு."

"அட, ஒரு ரெஃபரன்ஸ்தானே லா. டீவில அவங்க மூஞ்சியா வரப்போவுது? நீங்க செய்யிற மூஞ்சிதானே வரப்போவுது."

"அவங்க என் சின்னம்மா."

மன்னிப்புக் கேட்பார் என்றுதான் நினைத்தேன். ஒரு கணம் உண்மையிலேயே நினைத்தேன்.

"ஓ… அப்படியா சிஸ்? அப்பன்னா இன்னும் நல்லதாப் போச்சு. ஒங்களுக்கு அந்தத் தோலு எப்படி இருக்கும்னு கிட்டத்துல தெரியும். டீட்டெயில் சரியா வந்துரும்."

அதற்கு நான் என்ன சொன்னேன் என்பதை இங்கே எழுத முடியாது. கருவாட்டுக் கடைக்காரர் மாடிப்படி ஏறி வந்து, எல்லாம் சரிதானா என்று எட்டிப் பார்த்தார். வேலையை விட்டுவிட்டேன் என்று சொல்லிப் போனை வைத்தேன். செம்பனை முகம் பலகைமேல் இருந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதை உடைத்துவிடலாமா என்று தோன்றிற்று. அதன்மேல் எனக்கு என்ன கோபம்? ஒரு துணியைப் போட்டு மூடினேன்.

மறுநாள் காலையில் தோட்டத்துக்குப் போனேன். லயத்தில் இப்போது பாதி வீடுகள் கூரை இல்லாமல் கிடக்கின்றன. மீதியில் வயதானவர்கள் சிலரும், ரவாங் தொழிற்சாலைகளுக்கு வேன் ஏறிப் போகும் குடும்பங்கள் சிலவும் இருக்கிறார்கள். சின்னம்மா கடைசி வீடு. மீன் கழுவிக்கொண்டிருந்தார். நான் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். சொல்லச் சொல்ல எனக்கு மூச்சு வாங்கியது. அவர் மீனைத் திருப்பித் திருப்பிக் கழுவினார்.

"யாரு? அந்தத் தொப்பி போட்ட தம்பியா? வெயில்ல வந்தானேன்னு மைலோ கலக்கிக் குடுத்தேன். அம்மா, அம்மான்னு நல்லாத்தான் பேசுனான்."

"அவன்கிட்ட நான் முடியாதுன்னுட்டேன் சின்னம்மா. மொகத்துல அடிச்ச மாதிரி சொல்லிட்டேன்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "நீ ஏன்டி சொன்ன?"

எனக்குப் புரியவில்லை.

"என் மூஞ்சியப் பத்தி அவனும் என்னைக் கேக்கல. நீயும் என்னைக் கேக்கல. அவன் எடுத்துக்கிறேங்கிறான், நீ குடுக்க மாட்டேங்கிற. நடுவுல நான் என்ன, சாமானா?"

அவர் என்மேல் கோபப்படுவார் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை. மீனில் மஞ்சளைத் தடவி மூடி வைத்தார். கையைக் கழுவினார்.

"என்னைக்கு எடுக்கிறாங்க?"

"வேற ஆளை வச்சு எடுக்கிறாங்களாம். அடுத்த மாசக் கடைசிச் சனிக்கிழமை. இங்கதான், பழைய லயத்துல."

"நீயும் வா. சேர்ந்து போவோம்" என்றார்.

அந்தச் சனிக்கிழமை காலையில் அவர் கல்யாணத்துக்குக் கட்டும் பட்டுச் சேலையைக் கட்டியிருந்தார். கண்ணாடியைக் கறுப்புக் கயிற்றால் இறுக்கிக் கட்டிக்கொண்டார். செம்பனை நிழலில் நடந்தால் பழைய லயம் பக்கம்தான். எதற்கும் இருக்கட்டும் என்று என் பையையும் தோளில் மாட்டிக்கொண்டேன். அதில் என் தொழிலுக்கான எண்ணெய், பஞ்சு, தூரிகைகள் எப்போதும் இருக்கும்.

கூரையில்லாத வீடுகளுக்கு முன்னால் லோரி நின்றது. விளக்குகள், கேபிள்கள், பத்துப் பதினைந்து பேர். இயக்குநர் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார்.

"சிஸ், இங்க வந்து சீன் போடாதீங்க லா. ப்ளீஸ்."

சின்னம்மா எனக்கு முன்னால் வந்து நின்றார். "தம்பி, என்னைத் தெரியுதா? அன்னைக்கு மைலோ குடிச்சியே."

இயக்குநரின் முகம் போன போக்கை நான் மறக்கமாட்டேன். "அம்மா… வாங்கம்மா, வாங்க. டேய், யாராச்சும் நாற்காலி போடுங்க."

"நாற்காலி வேணாம். என் மூஞ்சி எங்க?"

ஒரு குடைக்குக் கீழே, சின்ன மின்விசிறிக்கு எதிரில், கெர்லிங் அக்கா உட்கார்ந்திருந்தார். கோலாலம்பூரிலிருந்து வந்த ஒப்பனைக்காரர் வேலையை முடித்திருந்தார். இழுத்த கன்னம், சரிந்த இமை, காது இருந்த இடத்தில் ஒரு கட்டி. அதன்மேல் கறுப்பு வண்ணம் அடி அடியென்று அடித்திருந்தார்கள். சின்னம்மாவின் நிறம் அது இல்லை. பேய் என்றால் கறுப்பாகத்தான் இருக்கவேண்டும் என்பது இவர்கள் பள்ளிக்கூடம் போகாமலே கற்ற பாடம்.

சின்னம்மா குனிந்து, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, அக்காவின் முகத்தை உற்றுப் பார்த்தார். துணிக்கடையில் தையலைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"எனக்கு எரிஞ்சது இந்தப் பக்கம்மா" என்று தன் கன்னத்தைத் தொட்டுக் காட்டினார். "இவனுங்க ஒனக்கு அந்தப் பக்கம் ஒட்டி வச்சிருக்கானுங்க."

படத்தைப் பார்த்துச் செய்கிறேன் என்று இடத்தையும் வலத்தையும் மாற்றிவிட்டிருந்தார்கள். அதைக்கூட ஒழுங்காகச் செய்யத் தெரியவில்லை. எனக்குச் சிரிப்பு வந்திருக்கவேண்டும். கண்ணை மறைக்கும் அளவுக்கு ஆத்திரம்தான் வந்தது.

அக்கா சின்னம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார். "கம்ப்யூட்டர்ல வரைஞ்ச படம்னு சொன்னாங்க. சத்தியமா எனக்குத் தெரியாதும்மா" என்றார். பிறகு தாடை ஓரத்தில் நகத்தை விட்டு இழுக்க ஆரம்பித்தார். "இத எடுங்க. யாராச்சும் இத எடுங்க."

நான் ஓடிப்போய் அவர் கைகளைப் பிடித்துக்கொண்டேன். "இழுக்காதீங்க அக்கா. தோலோட வந்துரும். நான் எடுக்கிறேன்."

ஒட்டுவதற்கு எவ்வளவு பொறுமை வேண்டுமோ அதைவிட அதிகம் வேண்டும் எடுப்பதற்கு. தூரிகையை எண்ணெயில் தோய்த்து, ஓரத்துக்கு அடியில் கொஞ்சம் கொஞ்சமாக விடவேண்டும். பசை இளகும்வரை காத்திருக்கவேண்டும். அவசரப்பட்டால் தோல் உரியும், கண்ணருகில் என்றால் இன்னும் ஆபத்து. என் உடம்பு முழுக்கக் கொதித்துக்கொண்டிருந்தது. கை மட்டும் மெதுவாகப் போகவேண்டும். வாழ்க்கையில் அதைப்போலக் கஷ்டமான வேலையை நான் செய்ததில்லை. கோலாலம்பூர் ஒப்பனைக்காரர் தன் பஞ்சுப் பொட்டலத்தை என் பக்கம் தள்ளிவைத்துவிட்டு அப்பால் போனார்.

இயக்குநர் என் தலைக்கு மேல் நின்று கத்தினார். "நீங்க அத எடுத்தா இன்னைக்கு ஷூட்டிங் போச்சு. யாரு பதில் சொல்றது? சொல்லுங்க, யாரு பதில் சொல்றது?"

"நான் சொல்றேன். தள்ளி நில்லுங்க, வெளிச்சத்த மறைக்கிறீங்க."

"நான் யாரையும் அசிங்கப்படுத்த வரல சிஸ். எங்க அப்பாவும் தோட்டத்துல பொறந்தவருதான். நம்ம சனத்தோட கதைய நான் சொல்லாம யாரு சொல்றது?"

எனக்கு இதுதான் எல்லாவற்றையும்விடத் தாங்கமுடியாததாக இருந்தது. அவர் பொய் சொல்லவில்லை. அதை அவர் நம்பினார். அப்பா தோட்டத்தில் பிறந்தார் என்பதை ஓர் அனுமதிச் சீட்டுபோலச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, இங்கே எந்த வீட்டுக்குள்ளும் நுழையலாம், கொடியில் துணி போடும் யாரையும் எடுக்கலாம் என்று நினைத்தார்.

சின்னம்மா அவரைப் பார்த்து அமைதியாகக் கேட்டார். "அந்தப் பேயி என்ன செய்யும் தம்பி?"

கன்னம் பாதி கழன்று தொங்க, அக்காதான் சொன்னார். "லயத்துப் பிள்ளைங்கள இழுத்துட்டுப் போவும்மா."

சின்னம்மா பேசினார். அவர் அப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை.

"பிள்ளைங்களையா? ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்து, என்னால வெயில்ல நிக்க முடியல, ஆயாக் கொட்டகையில பிள்ளை பாக்குற வேலை குடுங்கன்னு கேட்டேன். ஆபீசுல கணக்கெழுதுற கிராணி என்ன சொன்னாரு தெரியுமா? பிள்ளைங்க பயந்துக்கும்னாரு. களைக்கு மருந்தடிக்கப் போட்டாரு. அந்த வெயில்லயே போட்டாரு. சாயந்திரம் ஆனா தோட்டத்துப் பிள்ளை பூரா என் வீட்டுலதான் கெடக்கும். இந்தா நிக்கிறாளே, இவ பயந்தாளா? ஒரு பிள்ளை பயந்துச்சா? பெரியவனுங்க நீங்கதான்டா பயந்தீங்க. ஒங்க பயத்த எதுக்குடா பிள்ளைங்க தலையில போடுறீங்க?"

அந்த ஆயாக் கொட்டகைக் கதை எனக்குத் தெரியாது. தாய்மார்கள் பாலெடுக்க மரம் சீவப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுப்போகும் கொட்டகை அது. நானும் அங்கே தூளியில் கிடந்தவள்தான். அங்கே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளச் சின்னம்மா கேட்டிருக்கிறார், கிடைக்கவில்லை. இத்தனை வருடங்களாக அதை யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்திருக்கிறார். எண்ணெய்த் தூரிகையைப் பிடித்த என் கை அப்படியே நின்றது. "நீ வேலையப் பாரு" என்றார் என்னிடம்.

கடைசித் துண்டு, காது இருந்த இடத்தின் கட்டி, பிசுபிசுவென்று என் உள்ளங்கையில் வந்து விழுந்தது. அக்காவின் முகம் சிவந்து, அங்கங்கே தடித்து, எண்ணெயில் மினுங்கியது. அது அவருடைய சொந்த முகம். சின்னம்மா தன் சேலைத் தலைப்பால் அவருடைய நெற்றியைத் துடைத்தார். பட்டுச் சேலை. கறை இன்னும் போகவில்லை.

பிறகு இயக்குநர் பக்கம் திரும்பினார். "போன எடு. என் படத்த என் முன்னாலேயே அழி."

அவர் அழித்தார். சின்னம்மா கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு, எட்டிப் பார்த்து, அழிந்துவிட்டதா என்று சரிபார்த்தார். "வேற யாருகிட்ட இருக்கு?"

கூட்டத்தில் சிலர் தரையைப் பார்த்தார்கள். ஒப்பனைக்காரர் தன் போனை எடுத்து வந்து அழித்துக் காட்டினார். மற்றவர்கள் கேபிளைச் சுருட்டுவதில் திடீரென்று மும்முரமானார்கள்.

அன்று படப்பிடிப்பு நடக்கவில்லை. அக்கா சின்னம்மாவின் வீட்டுக் குழாயில் முகம் கழுவி, மீன் குழம்பு சாப்பிட்டுவிட்டு, பேருந்து நிறுத்தம்வரை என் காடியின் முன் சீட்டில் வந்தார். வழியெல்லாம் கன்னத்தைத் தடவிக்கொண்டே வந்தார். "என் மூஞ்சிதானே இது?" என்று ஒருமுறை கேட்டார். வேடிக்கைக்குக் கேட்டாரா, தெரியவில்லை.

தொடர் பிறகு வேறு தோட்டத்தில் எடுத்து வெளிவந்தது. அக்காவுக்குப் பதில் வேறு ஆள். எரிந்த முகம் இல்லை. என் செம்பனையும் இல்லை. வெள்ளைச் சேலை, விரித்த முடி. இதுவரை யாரும் பார்க்காத ஒன்று வேண்டும் என்று ஆரம்பித்து அங்கே போய் முடித்திருந்தார்கள். என்னைப் பற்றி, கூட வைத்துக்கொண்டால் தலைவலி, திமிர் பிடித்தவள் என்று தொழிலில் பேச்சுப் பரவியது. கொஞ்ச காலம் எந்த வேலையும் வரவில்லை. பிறகு சீன நாடகம் ஒன்றுக்கு வெட்டுக்காயம் செய்யக் கூப்பிட்டார்கள், போனேன். திமிர் பிடித்தவள்தான். இருந்துவிட்டுப் போகிறேன்.

என் கோபம் அத்தோடு அடங்கியிருக்கலாம். அடங்கவிடவில்லை. சில மாதங்கள் கழித்து உறவுக்காரர் ஒருவர் தயங்கித் தயங்கி எனக்கு ஒன்றை அனுப்பினார். ஏதோ ஒரு கோயில் குழுவின் வாட்சாப்பில் வந்ததாம். மயில் கழுத்து நைட்டி, கொடி, திரும்பிய முகம். மேலே எழுதியிருந்தது: "சீரியல் பேயோட ஒரிஜினல்." அதற்குக் கீழே வரிசையாகச் சிரிக்கும் மஞ்சள் முகங்கள்.

சின்னம்மாவிடம் காட்டினேன். இந்த முறை கேட்காமல் எதையும் செய்யக்கூடாது என்று காட்டினேன். போனை வாங்கி, தூரத்தில் பிடித்துக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"என்ன செய்யலாம் சின்னம்மா?"

"நான் எங்கேயும் வரல. எனக்கு முட்டி வலிக்குது. நீ போயிக் கேளு. சத்தம் போட்டே கேளு" என்றார்.

அதை அந்தக் குழுவில் போட்டவர் யார் என்று விசாரித்தேன். ராசா என்ற ஊரில் இருக்கும் ஒரு பெரியவர். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், கோயில் காரியங்களில் முன்னால் நிற்பவர். அவருக்கும் படப்பிடிப்புக்கும் ஒரு தொடர்பும் இல்லை. யாரோ அனுப்பியதை இவர் அனுப்பியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை காலை அவர் வீட்டு கேட்டில் போய் நின்றேன். பூச்செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"யாரும்மா?"

போனைத் திருப்பிக் காட்டினேன். "இவங்க என் சின்னம்மா. இந்த மாவட்டத்துலதான் உயிரோட இருக்காங்க. ஒங்க வயசு இருக்கும்."

அவர் முகம் வெளுத்தது. "அது… சும்மா ஒரு ஜோக்குலா. யாரோ அனுப்புனாங்க…"

"எது ஜோக்கு? எனக்கும் சொல்லுங்க, சிரிக்கிறேன்."

என் சத்தத்தில் பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது. உள்ளேயிருந்து அவர் மனைவி வந்தார். என் கையிலிருந்த போனை வாங்கிப் பார்த்தார், கணவரைப் பார்த்தார். தண்ணீர்க் குழாயைப் போய் நிறுத்தினார். "ஒங்க போன எடுத்துட்டு வாங்க" என்றார். அந்தப் பெரியவர் எடுத்து வந்து அழித்தார். குழுவில் மன்னிப்பு என்று ஒரு வரி எழுதினார். எழுதும்போது நான் பக்கத்திலேயே நின்றேன். யாரிடமிருந்து வந்தது என்று கேட்டேன். ஒரு பெயரும் எண்ணும் கொடுத்தார். பக்கத்து ஊரான பத்தாங் காலியில் இருக்கும் ஆள்.

அந்தம்மா தேநீர் குடித்துவிட்டுப் போகச் சொன்னார். என்னால் குடிக்க முடியவில்லை. காடியை எடுத்துக்கொண்டு பத்தாங் காலிக்குப் போனேன். அங்கே கேட்டால் இன்னொரு பெயர் கிடைக்கும். எத்தனை வீடு போகவேண்டும் என்று எனக்குத் தெரியாது. போய்க்கொண்டுதான் இருக்கிறேன்.